பீர் ஆலையை நிறுத்திய தண்ணீர்: தெரியுமா?

தண்ணீருக்கும் ஷேர் மார்க்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தண்ணீர் விலை மீதே அங்கே வியாபாரம் நடக்கிறது, தெரியுமா! கலிஃபோர்னியா தண்ணீருக்கு 2020 டிசம்பர் 7 முதல் அமெரிக்காவில் முன்பேர வர்த்தகம் (எதிர்கால விலைக்கு இன்றே ஒப்பந்தம்) உண்டு. ஓர் ஒப்பந்தம் 10 ஏக்கர்-அடி. நம்மூர் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் ஆயிரம் லோடுக்கும் மேல்! ஆனால் ஒரு சொட்டுகூடக் கைமாறாது. கணக்குத் தீர்ப்பது டாலரில் மட்டும்.

மெக்சிகோவில் நடந்த கூத்து இதைவிடப் பெரிது. கொரோனா பீரை அமெரிக்காவில் விற்கும் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ், வறண்ட எல்லையோர ஊரான மெக்சிகாலியில் 140 கோடி டாலர் ஆலையைப் பாதிக்கு மேல் கட்டிவிட்டது. பாசனத் தண்ணீர் பீராகிப் போவதா என்று விவசாயிகள் கொதித்தார்கள். 2020 மார்ச்சில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் 76 சதவீதம் பேர் ‘வேண்டாம்’! அரசும் அனுமதி தரவில்லை. கொரோனா வைரஸ் ஊரடங்குக்குள் உலகம் போய்க்கொண்டிருந்த அதே மாதம், கொரோனா பீர் ஆலைக்கும் பூட்டு! அடுத்த ஆண்டு 66 கோடி டாலருக்கும் மேல் நஷ்டமாக எழுதினார்கள். புது ஆலைக்குப் பிடித்த இடம்? தண்ணீர் வளமுள்ள வெராக்ரூஸ்.

வறட்சி வந்தாலே பங்கு சரியும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2021-இல் தைவானில் கடும் வறட்சி. சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி லாரியில் தண்ணீர் வரவழைத்தது. வயல்களுக்குப் பாசனம் நிறுத்தப்பட்டது. ஆண்டு முடிவில் டிஎஸ்எம்சியின் பங்கு விலை? ஏறித்தான் இருந்தது! அடி வாங்கியது விவசாயி. ஊர் எதிர்த்து நின்றால்தான் சந்தைக்குத் தாகம் தெரிகிறது போலும்.

இந்தியாவுக்கு வருவோம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். குடிநீர்த் திட்டமும் அதில் சேர்த்தி. குளம் தூர்வாரும் படத்தை ஆண்டறிக்கையில் பளபளவென்று போடுவார்கள். நான் முதலில் தேடுவது வேறு பக்கம்: ஆலை எத்தனை கிலோலிட்டர் உறிஞ்சியது? சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்திலுள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் அதைச் சொல்லியாக வேண்டும், செபி உத்தரவு!

எவ்வளவு என்பதோடு, எந்தத் தண்ணீர் என்றும் கேட்க வேண்டும். சென்னை மணலி ஆலைகளுக்கு எந்தத் தண்ணீர் போகிறது தெரியுமா? கொடுங்கையூரில் சுத்திகரித்த நம் வீட்டுச் சாக்கடை நீர்! அந்த நிலையத்தின் திறன், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்.