உஷார்! அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்...

"மருந்து இலவசம்மா. டெஸ்ட் எல்லாமும் இலவசம். வந்துபோக பஸ் சார்ஜும் கொடுத்துடுவோம். இங்கே ஒரு கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து..."

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது யாராவது இப்படி ஒரு கட்டுத் தாளை நீட்டினால், உடனே பேனாவை வாங்கிவிடாதீர்கள். "இது சிகிச்சையா, ஆராய்ச்சியா?" என்று முதலில் கேளுங்கள்.

ஆராய்ச்சி என்றால் பயந்து ஓட வேண்டியதில்லை. காசநோயாளிகளை சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னையில் நடந்த மருத்துவ ஆய்வுதான். ஆனால் ஒன்று: சிகிச்சை என்பது உங்களைக் குணப்படுத்துவதற்காக நடப்பது. ஆராய்ச்சி என்பது ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக நடப்பது. இரண்டும் ஒரே அறையில், ஒரே டாக்டர் கையால் நடப்பதால், பலர் ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் படிவத்தில் வரும் இந்தச் சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் (பேஸ்)

முதல் கட்ட ஆய்வில், மருந்து நோயைத் தீர்க்குமா என்று பார்ப்பதில்லை. உடம்பு அதைத் தாங்குமா, எவ்வளவு கொடுக்கலாம் என்றுதான் பார்க்கிறார்கள். இரண்டாவது கட்டத்தில் பலன் இருக்கிறதா என்ற சோதனை. மூன்றாவதில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேரிடம் ஒப்பீடு. நான்காவது, மருந்து கடைக்கு வந்த பிறகான கண்காணிப்பு.

2006 மார்ச்சில் லண்டனில் டி.ஜி.என். 1412 என்ற மருந்தின் முதல் கட்ட ஆய்வு நடந்தது. விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்குதான் செலுத்தினார்கள். மருந்து பெற்ற 6 ஆரோக்கியமான இளைஞர்களுக்கும் ஒரு நாள் முடிவதற்குள் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. உயிர் பிழைத்தார்கள், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் போராடித்தான். ஆகவே "இது எத்தனையாவது கட்டம்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

ராண்டமைசேஷன், பிளாசிபோ, டபுள் பிளைண்ட்

ராண்டமைசேஷன் என்றால் குலுக்கல். உங்களுக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பிளாசிபோ என்பது அதே நிறம், அதே அளவில் இருக்கும், ஆனால் உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. டபுள் பிளைண்ட் என்றால் உங்களுக்கு எது வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நேர்மையான ஆய்வுக்கு இவை தேவைதான். ஆனால், "எனக்கு மருந்தில்லாத மாத்திரை வர வாய்ப்பு இருக்கிறதா? நான் இப்போது சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா? அவசரம் என்றால் என்ன மருந்து என்பதை யார் சொல்வார்கள்?" இந்த மூன்றுக்கும் பதில் வராமல் சம்மதிக்காதீர்கள்.

"50 சதவீதம் குறைகிறது!"

மருந்தின் பலனை இப்படிச் சொன்னால், எதிலிருந்து எதுவாகக் குறைகிறது என்று கேளுங்கள். 100 பேரில் 40 பேருக்கு வந்த பாதிப்பு 20 ஆனாலும் 50 சதவீதம்தான். 1,000 பேரில் 2 பேருக்கு வந்தது 1 ஆனாலும் 50 சதவீதம்தான். 1995-ல் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று அரசுத் தரப்பு எச்சரித்தது. உண்மையில் அது 7,000 பெண்களில் ஒருவர் என்பதிலிருந்து இருவர் என்று கூடியிருந்தது, அவ்வளவுதான். பீதியில் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் அதிகரித்தன. சதவீதத்தை மட்டும் கேட்டு ஆசைப்படுவதும் ஆபத்து, அலறுவதும் ஆபத்து.

சீரியஸ் அட்வெர்ஸ் ஈவென்ட்

ஆய்வுக் காலத்தில் உயிருக்கு ஆபத்து, நிரந்தர ஊனம், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆவது போன்ற எது நடந்தாலும் இந்தக் கணக்கில் சேரும். மருந்தால்தான் வந்தது என்று நிரூபணமாகியிருக்க வேண்டியதில்லை. வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாலும் ஆய்வு டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் பாதிக்கப்பட்டவருக்கு இலவசச் சிகிச்சை உண்டு. பாதிப்பு ஆய்வினால் வந்ததென்றால் நஷ்டஈடும் உண்டு. "சின்ன பக்கவிளைவு, சரியாகிவிடும்" என்று யாராவது தட்டிக்கழித்தால் விடாதீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். அதை ஆய்வு என்று சொல்லாமல் 'செயல்விளக்கத் திட்டம்' என்றார்கள். பெற்றோர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது. தடுப்பூசி நல்லதுதான், அப்போது சில சிறுமிகள் இறந்ததற்கு அது காரணமில்லை என்றே விசாரணை சொன்னது. தவறு, பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் உடம்பைத் தொட்டதில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்காக ஹெட்மாஸ்டரோ வார்டனோ சம்மதம் தர விடாதீர்கள்.

உங்கள் கையில் உள்ள உரிமைகள்

* படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, நாலு பேரிடம் கேட்டுவிட்டு வரலாம். கையெழுத்தான பிரதி ஒன்று உங்களுக்கும் வேண்டும்.

* படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு விளக்கம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். வெறுமனே கைநாட்டு வாங்குவது சட்டப்படி தவறு.

* எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் மருந்தைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லிவிட்டு விலகுங்கள்.

* சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை இந்தப் பதிவேட்டில் சேர்ப்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் தேடித் தருவார்கள்.

* ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் படிவத்தில் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுஜனம் ஒருவரும் உண்டு. சந்தேகம் வந்தால் நேரே அங்கே கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். நேர்மையாக ஆய்வு நடத்துபவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்குவார். விளக்க வேண்டியது அவர் கடமை. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?" என்று எரிந்து விழுந்தால், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இலவச மருந்தை நம்பி உடம்பை ஒப்படைக்காதீர்கள். புரிந்தால் மட்டுமே கையெழுத்து!