மலை எங்கடா? - திருவண்ணாமலையில் ட்ரோன் கத்துக்கொடுத்த பாடம்

பழைய கோயிலை ட்ரோன்ல சினிமா மாதிரி எடுக்கறது எப்படி? இதுதான் இன்னைக்கு விஷயம். முதல்ல என் தப்பு ஒண்ணை ஒத்துக்கறேன்.

ரமணாசிரமம் பக்கத்துல ஒரு வீட்டுல தங்கியிருந்தேன். மொட்டை மாடியிலிருந்தே ட்ரோனைக் கிளப்பி, ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கற அருணாசலேஸ்வரர் கோயிலுக்கு அனுப்பினேன். யார்கிட்டயும் அனுமதி கேட்கல. போச்சு, படமும் எடுத்துச்சு. திரும்பற வழியில திரை உறைஞ்சு போச்சு. ட்ரோன் கண்ணுக்கே தெரியல. கீழே செங்கம் ரோட்டுல கிரிவலம் போற ஜனம். யார் தலையில விழப்போகுதோன்னு கை நடுங்கிடுச்சு. 'ரிட்டர்ன் டு ஹோம்' வேலை செஞ்சதால தானா வந்து சேர்ந்தது.

அதுவும் அதிர்ஷ்டம்தான். அந்தத் திரும்பற உயரம் நாம கிளப்பின இடத்திலிருந்து கணக்காகுது. மலைச்சரிவுல தரையே ஏறிக்கிட்டு போகும். நீங்க 60 மீட்டர்னு வெச்சிருந்தா, நேர்கோட்டுல வர்ற ட்ரோன் பாறையில மோதலாம். அதனால ட்ரோன் எப்பவும் கண் பார்வையில இருக்கணும். விதியும் அதைத்தான் சொல்லுது.

சரி, வீடியோ எப்படி வந்துச்சு? எடிட்டர் தோழிகிட்ட காட்டினேன். "மலை எங்கடா?"ன்னு ஒரே கேள்வி. 120 மீட்டர்லேருந்து கீழே பார்த்து எடுத்திருந்தேன். 217 அடி ராஜகோபுரம் கொலு பொம்மை மாதிரி இருந்தது. மலையையே சிவனா கும்பிடற ஊர்ல மலை ஃபிரேம்லயே இல்ல.

அப்புறம் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

உயரத்தைக் குறைங்க. ராஜகோபுரம் சுமார் 66 மீட்டர். பாதி உயரத்துல, அதாவது 33 மீட்டர்ல, கேமராவைச் சாய்க்காம நேரா வெச்சா கோபுரம் கம்பீரமா நிக்கும்.

தள்ளிப் போங்க. கிட்டப் போய் வைட் லென்ஸ்ல எடுத்தா கோபுரம் பெருசாகி மலை சுருங்கிடும். கிழக்கே நல்லா விலகி, டெலி லென்ஸ்ல எடுத்தா கோபுரத்துக்குப் பின்னாடி மலை எழுந்து நிக்கும்.

காலையில எடுங்க. கோயில் மலையோட கிழக்கு அடிவாரத்துல இருக்கு. காலை வெயில் கோபுரத்து மேலயும் மலை மேலயும் சேர்ந்து விழும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கிடறதால கோயில் சீக்கிரமே நிழலுக்குள்ள போயிடும்.

செட்டிங்ஸ்: 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. வெயில்ல என்டி ஃபில்டர் போட்டாதான் இந்த ஷட்டர் வைக்க முடியும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால ராத்திரி விளக்கொளியும் மினுக்காது. எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் லாக் பண்ணுங்க. ஒரு ஷாட்டுக்கு ஒரே அசைவு, அதுவும் மெதுவா.

இப்போ அனுமதி. 'டிஜிட்டல் ஸ்கை' மேப்ல பச்சை மண்டலம்னா 400 அடி வரைக்கும் வானத்துக்கு அனுமதி, அவ்வளவுதான். கோயிலுக்கு நிர்வாகத்துகிட்டயும் போலீஸ்கிட்டயும் கேக்கணும். மலைக்கு வனத்துறை.

கிடைக்கலன்னா? எனக்கும் கிடைக்கல. ஆசிரமத்துக்குப் பின்னாடியிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறற பாதையில நடந்தேன். ரமணர் 1916லேருந்து 1922 வரைக்கும் இருந்த இடம் அது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பாறை. அங்கிருந்து பார்த்தா நாலு பெரிய கோபுரங்களும் பிரகாரங்களும் மொத்தமா தெரியுது. ட்ரோன்ல நான் தேடின அதே கோணம்! ஃபோனைக் கல்லு மேல சாய்ச்சு வெச்சு ஒரு நிமிஷம் எடுத்தேன். விசிறிச் சத்தம் இல்ல, மயில் அகவற சத்தம் மட்டும்தான்.

என் வீடியோவோட முதல் ஷாட் இப்போ அதுதான். அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.