நிவாரணமா, நட்டஈடா? காலநிலை மாநாடுகள் தள்ளிப்போட்ட கேள்வி

இடம்பெயர்ந்த நாட்களில் நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்றிருக்கிறேன். நிவாரணம், தருபவர் மனம் வைத்தால் கிடைப்பது. நட்டஈடு, தீங்கு செய்தவர் பொறுப்பேற்றுத் தரவேண்டியது. இந்த வேறுபாட்டை எங்கள் மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காலநிலை மாநாடுகளின் வரலாற்றை வாசித்தபோது, அங்கும் இதே இழுபறியைக் கண்டேன்.

1991இல் பசுபிக் தீவுநாடான வனுவாட்டு, சிறுதீவு நாடுகளின் கூட்டணி சார்பில் ஒரு யோசனையை முன்வைத்தது. கடல்மட்டம் உயர்வதால் தாழ்ந்த தீவுகள் இழப்பவற்றை ஈடுசெய்ய, கைத்தொழில் நாடுகளின் பணத்தில் ஒரு காப்புறுதி நிதியம் வேண்டும் என்பதே அது. மறுஆண்டு ரியோ டி ஜெனீரோ புவி உச்சிமாநாட்டில் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை கைச்சாத்துக்கு வந்தது. அந்த நிதியம் அதில் உருவாக்கப்படவில்லை.

உடன்படிக்கை நாடுகளின் முதலாவது மாநாடு 1995இல் பேர்லினில் கூடியது. 1997இல் கியோட்டோவில், பச்சைவீட்டு வாயுக்களைக் குறைப்பதற்கான சட்டபூர்வ இலக்குகள் வளர்ச்சியடைந்த நாடுகளுக்கு விதிக்கப்பட்டன. பின்னர் அதில் கைச்சாத்திட்ட அமெரிக்கா, 2001இல் விலகி நின்றது. 2009 கொப்பன்ஹேகன் மாநாட்டில், 2020ஆம் ஆண்டளவில் வறிய நாடுகளுக்காக ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் திரட்டப்படும் என்று உறுதியளிக்கப்பட்டது. செல்வந்த நாடுகளின் சொந்தக் கணக்கின்படியே அந்தத் தொகை 2022இல்தான் எட்டப்பட்டது.

2013 வார்சோ மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்னர், ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸில் 6,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. அந்நாட்டுப் பிரதிநிதி யெப் சானோ மண்டபத்திலேயே கண்ணீர்விட்டு, உண்ணாவிரதம் இருப்பதாக அறிவித்தார். ‘இழப்பும் சேதமும்’ பற்றி ஆராய ஒரு பொறிமுறை கிடைத்தது. நிதி கிடைக்கவில்லை.

2015 பரிஸ் உடன்படிக்கையின் 8ஆவது உறுப்புரை இழப்பையும் சேதத்தையும் அங்கீகரித்தது. ஆனால் அதனுடன் நிறைவேறிய தீர்மானத்தின் 51ஆவது பந்தி, அந்த உறுப்புரையை வைத்துப் பொறுப்புக்கூறலோ நட்டஈடோ கோரமுடியாது என்று கதவை அடைத்தது.

பாகிஸ்தானில் 1,700 பேர்வரை உயிரிழந்த 2022 வெள்ளத்தின் பின்னரே, எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் நிதியமொன்றுக்கு இணக்கம் ஏற்பட்டது. மறுஆண்டு துபாயில் அதற்குச் சுமார் 700 மில்லியன் டொலர் வாக்களிக்கப்பட்டது. அமெரிக்காவின் பங்கு 17.5 மில்லியன். எந்த நாடும் கட்டாயம் செலுத்தவேண்டும் என்ற விதி இல்லை. அதாவது, அதுவும் நிவாரணமே.

மாநாடுகளில் கிடைக்காததை வனுவாட்டு நீதிமன்றத்தில் தேடியது. பசுபிக் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சியை அது ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுசென்றது. காலநிலைக் கடமைகளை மீறுவது சர்வதேச சட்ட மீறல் என்றும், பாதிப்புக்கும் மீறலுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால் நட்டஈடு கோரலாம் என்றும் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று கூறியது.

அது ஆலோசனைக் கருத்து மட்டுமே. எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆனால் இனிவரும் மாநாடுகளில் ‘நட்டஈடு’ என்ற சொல்லை உச்சரிக்க அந்தத் தீவு மக்கள் தயங்கத் தேவையில்லை. அதற்கு அவர்கள் 34 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.