மழலைக்கும் நூலகம்

ஐந்து வயதுப் பிள்ளையொன்று பாடசாலைக்கு வந்த முதல் நாள். கையிலே புத்தகம் கிடைத்தது. முகர்ந்து பார்த்தது, பிறகு கடிக்கப் பார்த்தது. புத்தகம் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் இதைக் கண்ட வென்டி கூலிங் என்ற அம்மையார் சும்மா இருக்கவில்லை. 1992இல் பேர்மிங்ஹாம் நகரில், நூலகங்களும் சுகாதாரத் தாதியரும் துணைநிற்க, ஒன்பது மாதமளவான குழந்தைகளுள்ள 300 குடும்பங்களுக்குப் புத்தகப் பை வழங்கப்பட்டது. உள்ளே ஒரு படப்புத்தகம். கூடவே நூலகத்துக்கு வரும்படி ஓர் அழைப்பு. 'புக்ஸ்டார்ட்' திட்டம் பிறந்த கதை இதுதான்.

ஒன்பது மாதப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியுமா என்பீர்கள். தெரியாது. தாயின் மடி தெரியும், குரல் தெரியும். அவள் படத்தைச் சுட்டிப் பெயர் சொல்லச் சொல்ல, சொல்லும் பொருளும் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. கடிப்பதும் கிழிப்பதும் அந்த வயதின் வாசிப்பு. அதைப் பொறுக்காத நூலகத்துக்கு இந்த வேலை சரிவராது. அந்தப் பிள்ளைகள் பாடசாலை சேர்ந்தபோது, பை கிடைக்காத பிள்ளைகளைவிட வாசிப்பிலே முந்தி நின்றார்கள். கணக்கிலும் முந்தியதுதான் ஆய்வாளர் கண்ட புதினம்.

சிறுவயதில் நான் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு வாசிகசாலைக்குப் போனேன். சத்தம் போடுவான் என்று வாசலோடு திருப்பிவிட்டார்கள். நான் மறுநாளும் போனேன். அவன் பிறகு வரவேயில்லை.