பழைய ஜிப்ஸியில் கேம்பிங் போகப்போறீங்களா... முதல் செலவு எதுக்குப் பண்ணணும் தெரியுமா?

ரீல்ஸ்ல மலை மேல ஒரு டென்ட், பக்கத்துல ஒரு ஜிப்ஸி... பார்த்ததும் ஆசை வருதுதானே? 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி, இப்போது ஷோரூமில் கிடைக்காது. செகண்ட் ஹேண்ட் மட்டும்தான். வாங்கியதுமே பலரும் லைட் பார், ரூஃப் கேரியர் என ஆரம்பிப்பாங்க. அங்கேயே பட்ஜெட் காலி!

முதல்ல வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்க. சேஸிஸில் துரு ஓட்டையோ, வெல்டிங் ஒட்டோ இருந்தால், எவ்வளவு சீப்பா வந்தாலும் வேண்டாம். அடுத்து, மண் தரையில் ஃபோர் வீல் டிரைவை 'ஹை', 'லோ' ரெண்டுலயும் போட்டு ஓட்டிப் பாருங்க. காய்ந்த தார் ரோட்டில் போடாதீங்க. சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது என்பதால், திரும்பும்போது முன், பின் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற முடியாமல் கியர்கள் இறுகிவிடும்.

கையில் இருக்கும் பணத்தை பிரேக், கூலிங், சஸ்பென்ஷன், டயர் என்ற வரிசையில் செலவழிங்க. மணலில் டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். ரோடு ஏறும்முன் திரும்ப அடிக்க, சின்ன கம்ப்ரஸர் ஒன்று அவசியம். கூரையில் அதிக பாரம் ஏற்றினால் சரிவில் வண்டி கவிழலாம்; கனமான பொருள்கள் கீழேயே இருக்கட்டும்.

ஆர்.சி புக்கில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. எனவே, எதையும் மாற்றும்முன் ஆர்.டி.ஓ ஆபீஸில் கேட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு... குளிருதேன்னு இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூக்கத்திலேயே உயிரை எடுத்துடும். நல்ல கம்பளி ஒண்ணு போதும் பாஸ்!