குமிழி இல்லாத பனிக்கட்டி தேடி

விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோவுக்குப் பூமி ஒரு பொருட்டே இல்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மிக அரிதாக ஒன்று அணுக்கருவில் மோதினால்தான் தடயம் கிடைக்கும். மோதலில் பிறக்கும் துகள், பனிக்கட்டிக்குள் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சிப் பாய்வதால் மங்கலான நீல வெளிச்சம் உண்டாகும். செரன்கோவ் ஒளி என்பது இதுதான். இதைத் தொலைவிலிருந்து பார்க்கப் பனிக்கட்டி தெளிவாக இருந்தாக வேண்டும்.

தென்துருவத்தில் 1990களின் தொடக்கத்தில் 'அமாண்டா' என்ற நியூட்ரினோ ஆய்வுக் குழுவினர் 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒளி உணரிகளை இறக்கினார்கள். பலிக்கவில்லை. அங்கும் காற்றுக் குமிழிகள் இருந்தன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறியது. இன்னும் ஆழத்தில், மேலிருக்கும் பனியின் அழுத்தம் தாங்காமல் குமிழியின் காற்று பனிப் படிகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பின்னால் வந்த 'ஐஸ்கியூப்' ஆய்வகம் 1,450 மீட்டரில் தொடங்கி 2,450 மீட்டர் வரை இறங்குவது அதனால்தான்.

துளை போட்டது வெந்நீர். ஏறத்தாழ 88 டிகிரி சூட்டில் பீய்ச்சினால், இரண்டு நாளில் இரண்டரை கிலோமீட்டர் ஆழக் குழி தயார். நீர் மறுபடி உறைவதற்குள் 60 உணரிகள் கோத்த வடத்தை இறக்கிவிட வேண்டும். உறைந்த பிறகு ஒன்று பழுதானால் பழுதானதுதான், வெளியே எடுக்க முடியாது. கோடை மாதங்களில் மட்டுமே வேலை. 2010 டிசம்பரில் முடிந்தபோது 86 வடங்கள், 5,160 உணரிகள், ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டி!

ஆனால் தொல்லை மேலிருந்து வருகிறது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் மியூவான் என்ற துகள்கள் நொடிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இங்கே பாய்கின்றன. அவற்றைக் கழிக்கப் பூமியையே சல்லடையாக்கினார்கள். கீழிருந்து மேலே வரும் தடம் என்றால், பூமியைத் துளைத்து வந்த நியூட்ரினோவின் வேலைதான். ஆக, தென்துருவத்தில் உட்கார்ந்துகொண்டு வடவானத்தைப் பார்க்கிறார்கள். அப்படி வடிகட்டியதிலும் பெரும்பாலானவை நம் வளிமண்டலத்திலேயே பிறந்த நியூட்ரினோக்கள் என்பது வேறு விஷயம்.

2017 செப்டம்பர் 22 அன்று ஒரு நியூட்ரினோ சிக்கியதும், ஒரு நிமிடத்துக்குள் உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகளுக்குத் தகவல் பறந்தது. அது வந்த திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் (நடுவிலுள்ள கருந்துளை பூமியை நோக்கித் துகள்களைப் பீய்ச்சும் விண்மீன் மண்டலம்) காமாக் கதிர்களை உமிழ்ந்துகொண்டிருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2022இல் நியூட்ரினோக்களின் பிறப்பிடமாக அறிவிக்கப்பட்ட என்ஜிசி 1068. சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள இந்த விண்மீன் மண்டலத்தின் நடுவே கருந்துளை. அதைச் சூழ்ந்த அடர்த்தியான பகுதியிலிருந்து காமாக் கதிர்கள் தப்பி வருவதே கடினம். நியூட்ரினோக்கள் வந்துவிடுகின்றன. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுத் தரவை அலசியதில் அந்த மண்டலத்தின் கணக்கில் தேறியவை சுமார் 80.