தண்ணீர் கேட்காத அழகுச் செடி!

தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், தினமும் தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகும் செடியும் உண்டு. அதுதான் மருள்!

உடுமலைப்பேட்டை ஆனைமலையின் வடக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவ மழையில் பெரும் பகுதியை மலையே வாங்கிக்கொள்கிறது. ஊருக்கு வந்து சேருவது காற்றுதான். அந்தக் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன; பூந்தொட்டிகளோ காய்ந்துபோகின்றன. கோடையில் குடம் குடமாக எண்ணிச் செலவு செய்யும் வீட்டில், செடிக்கு ஏது தண்ணீர்?

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஏற்றது மருள். அதன் இலைகள் கத்தி போல் நிமிர்ந்து நிற்கும். பச்சை நிறத்தில் குறுக்கே கரும்பட்டைகள் ஓடும். ஆண்டு முழுவதும் பசுமை மாறாது.

கற்றாழைக்கு உறவு

வேலியோரம் வளரும் ஆனைக் கற்றாழைக்கு மருள் உறவு. தாவர நூலார் இரண்டையும் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். சோற்றுக் கற்றாழை வேறு குடும்பம். ஆனைக் கற்றாழை மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. மருளோ நம் நாட்டுச் செடி!

மருள் இலையில் உறுதியான வெள்ளை நார் இருக்கிறது. முற்காலத்தில் அதைத் திரித்து வில்லுக்கு நாண் கட்டினார்கள். பஞ்சும் நூலும் கண்ட உடுமலைக்கு இதுவும் ஒரு நூல் செடிதான்.

வளர்ப்பது எப்படி?

தெரிந்தவர் வீட்டில் ஒரு கிழங்கு கேட்டு வாங்கலாம். தொட்டியின் அடியில் துளை இருக்கவேண்டும். மண்ணில் மணல் நிறையக் கலக்கவேண்டும்.

இலையை நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டியும் நடலாம். வெட்டிய துண்டை இரண்டு நாள் காயவிட வேண்டும். அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நடவேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது.

கடைகளில் மஞ்சள் ஓரம் வைத்த வகை விற்கிறது. அது ஆப்பிரிக்கச் செடி. அதன் இலைத் துண்டை நட்டால் மஞ்சள் ஓரம் வராது. வெறும் பச்சைதான் முளைக்கும். மஞ்சள் வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத்தான் நடவேண்டும்.

எப்போது தண்ணீர்?

மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மழைக் காலத்தில் தொடவே வேண்டாம்.

காரணம் இதுதான்: பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறக்கின்றன. அவற்றின் வழியே நீர் ஆவியாகிப் போகிறது. மருள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறக்கிறது. குடித்த நீரைத் தடித்த இலையில் சேர்த்து வைக்கிறது. மேலும் மேலும் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். இலையின் அடி கொழகொழத்தால் அதுவே அறிகுறி.

ஓர் எச்சரிக்கை

இலையைக் குழந்தைகள் மென்றால் வாந்தி வரலாம். நாய், பூனைக்கும் ஆகாது. எட்டாத இடத்தில் வையுங்கள். 'வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி அதிக விலை கேட்டால் ஏமாறாதீர்கள். ஜன்னல் திறந்த வீட்டில் ஒன்றிரண்டு தொட்டிகளால் காற்று மாறிவிடாது.

கிழங்கு பெருகித் தொட்டி நிறைந்ததும் பிரித்துவிடுங்கள். அடுத்த வீட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம். கொடுக்கும்போது, "அதிகம் தண்ணீர் ஊற்றாதீர்கள்!" என்று மறக்காமல் சொல்லிக் கொடுங்கள்.